நெடி வராத வீடு

மூன்று கிலோ காய்ந்த மிளகாயை இரும்புச் சட்டியில் கொட்டி, துளி எண்ணெய் விட்டு, கரண்டியால் புரட்டிப் புரட்டிக் கால் மணி நேரம் வறுத்த பிறகும் தமிழ்மொழிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பவர்கள் வாழ்க்கையில் மிளகாய் வறுத்திருக்க மாட்டார்கள். வறுபடும் மிளகாய் முதலில் மூக்கு நுனியைக் கிள்ளும், பிறகு தொண்டையில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், கடைசியில் கண்ணைப் பிடுங்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை இருமும், தெருவில் போகிறவர் ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போவார். ஏழு வருடமாக அவளுக்கு அந்த நெடிதான் கடிகாரம். தொண்டைக்கு வந்தால் தீயைக் குறைக்க வேண்டும், கண்ணுக்கு வந்தால் சட்டியை இறக்க வேண்டும். அன்று அவள் நெடிக்காகக் காத்திருந்து காத்திருந்து மூன்று கிலோவும் கருகிப் போனது.

முன் அறையில் பாக்கெட்டுகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அனிதாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான்கு வருடமாக இங்கே வேலை பார்ப்பவள். தினமும் துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்கிறவள். அன்று துப்பட்டா சும்மா தோளில் கிடந்தது. சந்தேகம் வந்து, கருகியதில் ஒரு பிடியை முறத்தில் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பார்சல் எடுக்க வந்து கேட்டுக்கு வெளியே நின்ற கூரியர்காரர் அடுத்தடுத்து ஒன்பது தும்மல் போட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அனிதா நிலைப்படிக்கு உள்ளே ஓர் அடி வைத்தாள், நெடி இல்லை. வெளியே ஓர் அடி வைத்தாள், இருமினாள். மறுபடி உள்ளே வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“அக்கா, கோளாறு மொளகாயில இல்ல. இது கண்ணு,” என்றாள்.

அந்தப் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் மேல் கண் பட்டிருக்கிறதா என்று பார்க்க மிளகாயைத் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். நெடி அடித்தால் ஒன்றுமில்லை. அடிக்காவிட்டால் பட்டிருக்கிறது என்று அர்த்தம், அதுவும் பலமாக. தமிழ்மொழி சிரித்தாள். போனில் தன் நேரலையை நாற்பத்தோராயிரம் பேர் தினமும் பார்த்தால்தான் வியாபாரம், கண்ணை மூடிக்கொண்டா வாங்குவார்கள் என்று அனிதாவைக் கேலி செய்தாள். சிரித்த வாயோடு சட்டியைத் தேய்க்கப் போட்டவள், தேய்க்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

அவளுடைய தூளின் பெயர் ‘இருசம்மாள் மிளகாய்த்தூள்’. இருசம்மாள் அவளுடைய அம்மா. இறந்து ஐந்து வருடம் ஆகிறது. வேப்பந்தட்டைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தே விரல் காய்த்துப் போனவள். பாக்கெட்டின் முன்பக்கத்தில் அவள் முகம்தான் இருக்கும்: ஒற்றை மூக்குத்தி, வெற்றிலைக் கறை, வெயிலுக்குச் சுருங்கிய கண். பெரம்பலூர் நான்கு ரோட்டைத் தாண்டிப் புது மனைகளில் கட்டிய சின்ன வீட்டில்தான் தொழில் நடந்தது. கணவன் பழனிவேல் ஆலத்தியூர் சிமெண்டு ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவன். மதியம் வண்டியை எடுத்தால், புருவமெல்லாம் சாம்பல் படிந்து, இரவு பதினோரு மணிக்குத்தான் வந்து சேருவான்.

மூன்று மாதத்துக்கு முன்பு, தூளைச் சலித்து நேரலையில் காட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். அடுத்து எந்தத் தெரு என்று கேட்டார். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள் என்பது தெரியாத அளவுக்கு அவள் குழந்தை இல்லை. சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை நேராகப் பார்த்தாள்.

“காலனித் தெருவுங்க. உங்க காட்டு மொளகாயெல்லாம் எங்கம்மா கையால பறிச்சதுதான். அப்ப கேக்காத தெருவ, பாக்கெட்டுல வந்ததும் எதுக்குங்க கேக்குறீங்க?”

அந்த ஒரு நிமிடம் ஊர் ஊராகச் சுற்றியது. வாழ்த்த வந்தவர்கள் வாழ்த்திவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை. வாங்கவும் இல்லை, உட்கார்ந்து பார்த்தார்கள். கை கழுவினாளா, நகம் வெட்டியிருக்கிறாளா, சேலை துவைத்ததா, அடுப்படியில் ஈ பறக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒளிக்க என்னிடம் என்ன இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுப்படி அலமாரியில் ஒரு போனை நிறுத்தி, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அணைக்காமல் ஓடவிட்டாள். கோபத்தில் செய்த காரியம். வீட்டுக் கதவைத் திறந்து வைத்து வா வா என்று கூப்பிடுவதும் இதுவும் ஒன்றுதான் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

மிளகாய் கருகியதற்கு மறுநாள் காலை, அடுப்படிச் சுவரில் சுவிட்சுக்கு மேலே அருகருகே இரண்டு ஈரப் புள்ளிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. வைகாசி வெயில் கொளுத்துகிறது, மழையைப் பார்த்து மாதக்கணக்காகிறது, அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயும் கிடையாது. மிளகாய்த்தூள் இருக்கும் வீட்டில் ஈரம் நுழைந்தால் தூள் கட்டி தட்டும், பூஞ்சை பிடிக்கும், அதையும் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிவிடுவார்கள். துணியால் அழுத்தித் துடைத்தாள். போய்விட்டது. மதியத்துக்குள் திரும்ப வந்தது, இந்த முறை மூன்று ஜோடி. எல்லாமே ஜோடியாகத்தான் வந்தன, ஒற்றைப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

அன்று மாலை, பெயரும் படமும் இல்லாத ஒருவர் நேரலையில் எழுதினார். ரவிக்கைக்குப் பின்னால் ஊக்கு குத்தியிருக்கிறீர்களே, ஒரு கொக்கி வைத்துத் தைக்கக் கூடாதா என்று கேட்டார். அவள் காலையிலிருந்து கேமராவுக்கு முகம் காட்டித்தான் நின்றிருந்தாள். முதுகுக்குப் பின்னால் இருந்தது சுவர் மட்டும். இன்னொருவர் உச்சந்தலை நரையைப் பற்றி எழுதினார். மூன்றாவது ஆள், பரண் மேல் இருக்கும் அம்மாவின் தகரப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பரண் படுக்கை அறையில் இருந்தது. அந்த அறையை அவள் ஒருநாளும் யாருக்கும் காட்டியதில்லை.

ஆறு மணிக்கு நேரலையை நிறுத்தினாள். போனையே அணைத்தாள். சார்ஜர் வயரைப் பிடுங்கினாள். கையில் இருந்த இன்னொரு போனில், முடிந்துபோன அந்த நேரலைக்குக் கீழே, புதிதாக ஒரு வரி வந்து நின்றது.

‘அதுக்குள்ள அணைச்சுட்டீங்களா? பரவால்ல, தெரியுது.’

அடுத்த நாள் விடுப்புப் போட்ட பழனிவேல், எலக்ட்ரீசியன் குருமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். பல்பு, மின்விசிறி, சுவிட்சுப் பெட்டி, பூஜை அலமாரியின் சீரியல் விளக்கு என்று எல்லாவற்றையும் இரண்டு பேரும் கழற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ரகசியக் கேமரா எதுவும் கிடைக்கவில்லை. சுவரில் இருந்த ஈரத்தைக் குருமூர்த்தி ஸ்குரூ டிரைவரால் தொடப் போனவர், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார். கூலி கேட்காமலேயே கிளம்பினார்.

பழனிவேல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“மொழி, கேமராவ எடுத்துடலாம்,” என்றான். “பாக்கெட்டுல அத்த படமும் வேணாம், பேரும் வேணாம். எதாவது பூப் படம் போட்டுக்கலாம். யாருன்னு தெரியாம இருந்தா யாரு வந்து பாக்கப் போறா?”

அவன் கெட்டவன் இல்லை, அவளுக்காகப் பயந்தவன். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்தை எடுத்துவிட்டால், தெரு கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதிலை அவளே திரும்ப விழுங்கிய மாதிரி ஆகிவிடும். அதற்குச் செத்துப் போகலாம் என்று நினைத்தாள்.

“எங்கம்மா ஆயுசுக்கும் பின்வாசல்ல நின்னு கூலி வாங்குச்சுங்க. இப்பதான் முன்பக்கத்துல உக்காந்திருக்கு. எறங்குன்னு நான் சொல்ல மாட்டேன்.”

வியாழக்கிழமை மதியம் அவன் வேலைக்குப் போன பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. மின்விசிறி சுற்றும் சத்தமும், துறையூர் பஸ் திரும்பும்போது அடிக்கும் ஹாரனும் கேட்டன. அதற்குக் கீழே, சுவரோடு காது வைத்தால் மட்டும் கேட்கும் அளவில், ஈரமான ஒரு மெல்லிய சத்தம் இருந்தது. ஒட்டிக்கொண்ட இரண்டு இதழ்கள் பிரிகிற சத்தம். பிறகு சேர்கிற சத்தம். புள்ளிகள் அடுப்படியை விட்டு முன் அறைக்கும் வந்திருந்தன. அவள் ஒரு ஜோடிக்கு நேரே நின்று, துணி இல்லாமல், வெறும் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. சின்ன வயதில் அம்மாவின் கண்ணைப் பின்னாலிருந்து பொத்தி விளையாடும்போது உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு வருமே, அது வந்தது. இமைமயிர் உரசுகிற குறுகுறுப்பு.

கையை எடுத்தாள். கை நனைந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

வெள்ளிக்கிழமை அனிதா சிறுவாச்சூர் கோவிலுக்குப் போய்விட்டு, குங்குமத்தோடு நேராக இங்கே வந்தாள். தமிழ்மொழி வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கேமராவை அணைத்து, கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, அவளைக் கிழக்குப் பார்க்க உட்கார வைத்தாள். இருசம்மாளும் அப்படித்தான் செய்வாள். சுத்திப் போடுவதை மூன்றாம் ஆள் பார்க்கக் கூடாது என்பாள். அனிதா ஒன்பது மிளகாயும் கல் உப்பும் கையில் மூடி வலமும் இடமும் சுற்றி, மூன்று முறை துப்பச் சொல்லி, தணல் சட்டியில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் உப்பிச் சிவந்து, கருத்து, புகைந்தது. புகை இரண்டு பேர் முகத்திலும் பட்டது. வெறும் புகை. அதில் காரமும் இல்லை, வாசனையும் இல்லை.

அனிதா சட்டியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையடித்த கூரை முழுக்கப் புள்ளிகள். சாத்திய கதவுக்குப் பின்னால் மூன்றாம் ஆள் பார்க்காமல் இருக்க வேண்டும் என்றால், அது இந்த வீட்டில் இனி நடக்காத காரியம்.

“நான் நாளைலேருந்து வரலக்கா,” என்றாள். “என்னையும் பாக்குது.”

அவள் மேல் தமிழ்மொழிக்கு வருத்தமில்லை. வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை புள்ளிகள் படுக்கை அறைக்கு வந்தன. பரணுக்கு அடியில், கண்ணாடியைச் சுற்றி, கதவு இடுக்கில். நாளிதழ் ஒட்டி மறைத்தாள். காகிதம் ஜோடி ஜோடியாக நனைந்து ஓட்டையானது. குளியலறையில் பாவாடையை மார்வரை கட்டிக்கொண்டு குளித்தாள். போனில் யாரோ அதையும் எழுதியிருந்தார்கள். யாரோ சிரித்திருந்தார்கள். ஒரு தாய் கூட எழுதியிருந்தாள், பெண் பிள்ளைக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று.

பழனிவேல் கெஞ்சினான். பூட்டிவிட்டுப் போய்விடலாம், அரியலூரில் அக்கா வீடு இருக்கிறது, நான்கு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றான். அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பையை எடுத்துத் துணிகூட வைத்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்கு வந்தபோது, அடுக்கி வைத்த நானூறு பாக்கெட்டுகளிலும் அம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை இதுகளோடு தனியாக விட்டுவிட்டு எங்கே போவது? பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த இரவு படுத்துக்கொண்டே கூரையைப் பார்த்தாள். கூரையும் பார்த்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. அனிதா சுற்றியது தப்பான ஆளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை. விளக்கு வைக்கும் நேரம். பழனிவேல் வேலைக்குப் போயிருந்தான். அடுப்படி நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன் மேல் போனை நிறுத்தினாள். பக்கத்தில் தணல் சட்டி. அதற்குப் பக்கத்தில் மிளகாய் மூட்டை, வாய் அவிழ்த்து. கதவைச் சாத்தவில்லை. விளக்கை அணைக்கவில்லை. நேரலையைப் போட்டாள்.

இரண்டே நிமிடத்தில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. மூவாயிரம். ஒன்பதாயிரம். சுவரில் அந்த மெல்லிய சத்தம் எழுந்தது, பிரிவதும் சேர்வதும், எல்லாப் பக்கத்திலிருந்தும்.

இரண்டு கையிலும் மிளகாயை அள்ளினாள். தன் தலையைச் சுற்றவில்லை. போனைச் சுற்றினாள். வலம் மூன்று, இடம் மூன்று.

“பாத்த கண்ணு. பாக்காத மாதிரி பாத்த கண்ணு. தெருவக் கேட்ட கண்ணு. ஊக்கப் பாத்த கண்ணு. குளிக்கறதப் பாத்த கண்ணு. பாத்துட்டுச் சிரிச்ச கண்ணு.”

மூன்று முறை துப்பினாள். கேமரா பார்க்கவே துப்பினாள். அத்தனையையும் தணலில் கொட்டினாள்.

புகை எழுந்தது. அவளுக்கு மூக்கு கிள்ளவில்லை. தொண்டை கமறவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

வீடு மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

முதல் வரி வந்தது. ‘என்னா இது, கண்ணு எரியுது.’

அடுத்தது. ‘எனக்கும்.’

பிறகு எண்ண முடியவில்லை. சென்னையில் எரிந்தது. துபாயில் எரிந்தது. பக்கத்துத் தெருவில் எரிந்தது. தண்ணீர் ஊற்றியும் போகவில்லை என்றார்கள். போனை மூடியும் போகவில்லை என்றார்கள். ‘நிறுத்துங்க.’ ‘நிறுத்துடி.’ ‘அக்கா, தயவுசெஞ்சு.’

அவள் காதுக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து, யாரோ இருமினார்கள்.

திரும்பவில்லை.

கூரையில் ஒரு இருமல். பரணில் ஒன்று, கிழட்டு இருமல். கதவுக்குப் பின்னால் ஒரு பெண் தும்மினாள். ஒரு குழந்தையும். பிறகு வீடு முழுக்க. தொண்டை கிழியக் கிழிய. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக. கையில் ஒன்று. மேலே பார்த்தாள்.

புள்ளிகள் திறந்திருந்தன. கூரையில், சுவிட்சுக்கு மேலே, அலமாரி இடுக்கில், சுண்ணாம்புக்குள் பதிந்து, சிவந்து, வீங்கி, கொட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் சுவரில் கோடு கோடாக இறங்கித் தரையில் சேர்ந்தது. அவளுடைய கால்விரலைத் தொட்டது.

எரிந்தது. அழுதது. இருமியது. ஆனால் ஒரு ஜோடிகூட மூடவில்லை. அத்தனையும் அவளையே பார்த்தன.

தமிழ்மொழி தரையிலேயே, அந்த ஈரத்திலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். ஒவ்வொரு சுவராக, நிதானமாக, திரும்பிப் பார்த்தாள்.

“இப்ப சொல்லுங்க. நீங்கள்லாம் எந்தத் தெருவு?”

இருமல் மட்டும் கேட்டது. அவள் மூட்டைக்குள் கைவிட்டு அடுத்த பிடியை அள்ளினாள்.